அறுபது கட்டங்கள்

“ஆறு நாள் அட்டவணை கையில வரட்டும், மேடம். அப்புறம் அந்த டேப்லெட்டைப் பூட்டி வெச்சிடறேன்.”

மனைவி தன் பேராசிரியையிடம் போனில் சொன்ன இந்தச் சேதி, குளியலறைக் கதவுக்குப் பின்னால் முகமெல்லாம் சோப்பு நுரையோடு நின்றிருந்த மேற்பார்வையாளரின் காதில் விழுந்தது. கண் எரிச்சலைக்கூட மறந்துவிட்டார்.

குளிர்பதனக் கிடங்கில் அவர் மேற்பார்வையாளர், வயது நாற்பத்தொன்று. இருபது பேரைக் கட்டி மேய்ப்பவர். வீட்டில் அந்தப் பதவி காலியாக இல்லை. மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. மாலை வகுப்பில் முதுகலை படிக்கிறாள். தொழில்நுட்பமும் குழந்தை வளர்ச்சியும் பாடம். இப்போது ஆய்வேடு எழுதும் நேரம். நான்கு வயது மகள் குட்டி, அம்மா வகுப்புக்குப் போகும் ஆறு நாளில், மாலை ஆறிலிருந்து ஏழு வரை டேப்லெட்டை எவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்று கணக்கெடுக்க வேண்டும். தாளுக்கு அறுபது கட்டம், நிமிடத்துக்கு ஒன்று. பார்த்தால் டிக். பார்க்காவிட்டால் பெருக்கல் குறி. ஆய்வு விதிப்படி தாளில் பெயர் கிடையாது, வயது மட்டும்தான்.

டேப்லெட் குட்டிக்கென்று வாங்கியது. மூன்றாம் நாளே குட்டி அதை மறந்துவிட்டு மரக்கட்டைகளுக்குப் போய்விட்டாள். மேற்பார்வையாளர் மறக்கவில்லை. குமிழி உடைக்கும் விளையாட்டில் நானூற்றுப் பதினொரு படி ஏறிவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். கிடங்கில் கொடுத்த போனில் பொத்தான்களைத் தவிர வேறொன்றும் இல்லை. மனைவி வகுப்புக்குப் போகும் திங்கள், புதன், வெள்ளி மாலைகளும் அந்த டேப்லெட்டும்தான் அவருக்கு வாழ்க்கை. அதைப் பூட்டுவதாவது?

முகம் துடைப்பதற்குள் யோசனை பிறந்துவிட்டது. குட்டி அதைத் தொடுவதே இல்லை என்று தாள் சொல்லிவிட்டால், எதற்குப் பூட்ட வேண்டும்?

“நீ வகுப்புக்குப் போற நாள்ல கணக்கு யார் எடுப்பா?” என்று கேட்டார், தன் தட்டைத் தானே கழுவிக்கொண்டே.

அவர் தட்டுக் கழுவுவதை மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள். பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்கலாம் என்று இருப்பதாகச் சொன்னாள்.

“அக்கா எதுக்கு? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேனே.”

“அதுவும் சரிதான். உட்கார்ந்துதான் இருக்கீங்க,” என்று ஆறு தாள்களை எடுத்துக் கொடுத்தாள்.

மணிக்கொரு தடவை எழுத வேண்டிய வெப்பநிலையை, கிடங்கு ஆட்கள் ஒரே மூச்சில் எழுதித் தள்ளுவதைப் பிடித்துப் பிடித்து, எப்படி எழுதினால் பிடிபடாது என்பது அவருக்கு அத்துப்படி. இரண்டு பேனா மாற்றினார். ஒரு மூலையில் தேநீர்க் கறை வைத்தார். தாளுக்கு அறுபது பெருக்கல் குறி. ஆறு தாளையும் முதல் நாளே முடித்துவிட்டு, இரண்டு வாரமும் நானூற்றுப் பன்னிரண்டோடு மல்லுக்கட்டினார்.

“அப்பா, கோபுரம் பாருங்க,” என்பாள் குட்டி, முதுகுக்குப் பின்னாலிருந்து.

“பார்த்தேன்டா கண்ணு,” என்பார், திரும்பாமலே. ‘குழந்தை கோபுரம் கட்டியது’ என்று குறிப்புப் பகுதியில் எழுதியும் வைத்தார்.

இரண்டாம் வாரம் முடிந்த சனிக்கிழமை காலை, மனைவி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

“ஆறு நாள்ல ஒரு நிமிஷம்கூடப் பார்க்கலையா?”

“ஒரு நிமிஷம்கூட இல்ல. உன் வளர்ப்பு அப்படி.”

“கண்ணால பார்த்து எழுதினதுதானே?”

“இமைக்கல.”

“வேற யாராவது வீட்டுக்கு வந்தாங்களா?”

“ஈ, காக்கா வரல. நானும் குட்டியும்தான்.”

“அப்ப அதையும் எழுதி, கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க.”

ஆறு தாளிலும் போட்டார். தேதியோடு, வால் நீட்டி.

மை காய்வதற்குள் அவள் டேப்லெட்டைத் திறந்து எங்கோ தட்டினாள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தன்னைப் பார்த்தார்கள் என்று அந்தக் கருவியே ஒரு பக்கத்தில் குறித்துவைக்கிறது. நானூற்றுப் பதினொரு படி ஏறியவர் அந்தப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. திங்கள், ஆறு இரண்டிலிருந்து ஆறு ஐம்பத்தொன்பது. புதன், ஆறு ஒன்றிலிருந்து ஏழு. ஆறு நாளும் அப்படியே.

“குட்டி பார்க்கல. ஈ, காக்கா வரல,” என்று மனைவி பாடம் படிப்பதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

நுணல் வாயால் மட்டும்தான் கெடும். இவர் கையெழுத்தாலும் கெட்டிருந்தார்.

“நான் கொஞ்சம் அசந்த நேரத்துல குட்டி பார்த்திருப்பாளோ என்னவோ…”

கட்டைகளுக்கு நடுவிலிருந்து குட்டி நிமிர்ந்தாள். “நான் பார்க்கல. ஒரு தடவை கேட்டேன். அப்பா ஜெயிச்சதும் தரேன்னு சொன்னீங்க. நீங்க ஜெயிக்கவே இல்ல.”

மனைவி சிரிக்கக்கூட இல்லை. டேப்லெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலை ஆறு மணிக்குக் குட்டி கட்டைப் பெட்டியைத் தூக்கிவந்து அப்பாவின் முன்னால் கவிழ்த்தாள். மேற்பார்வையாளர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். ‘வயது: 4’ என்று அச்சாகியிருந்த இடத்தில், நான்குக்குப் பக்கத்தில் ஒரு ‘1’ போட்டாள்.