மீசை வைத்த தட்டை மீன்

பேரன்புக்குரிய குவானிஷ் மாமா அவர்களுக்கு,

அரால்ஸ்கிலிருந்து உங்கள் அக்கா மகள் டொல்கனாய், நெஞ்சில் கைவைத்து ஆயிரம் சலாம் சொல்லி எழுதுவது. ஆடு மாடு சுகமா, குதிரை ஒட்டகம் சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்கிறாள் அம்மா. நீங்கள் கிசிலோர்தாவில் நான்காம் மாடியில் குடியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் அச்சு இயந்திரம் சுகமா, அது வேளாவேளைக்குத் தாளைத் தின்கிறதா என்று விசாரித்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர.

என் போன் அம்மாவின் பெட்டியில் சிறைப்பட்டிருப்பதால் (காரணம் தனிக்கதை, அதில் ஒரு ஆட்டுக்குட்டியும் கணக்கு வாத்தியார் நாற்காலியும் வரும்) இதை டாக்சிக்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் இயந்திரத்தை நிறுத்துங்கள். ஏன் என்று கேட்டால், கேளுங்கள்.

போன மாதம் குல்பராம் டீச்சர், அதாவது எங்கள் உயிரியல் டீச்சர், என்னைக் கூப்பிட்டு, "நீதான் நல்லா வரையிறியே, 'நம் கடலோர உயிர்கள்'னு பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஒட்ட ஒரு சுவர்ப்படம் போடு. நட்சத்திர மீன், தென்னை மரம்னு எவன் ஊர்க் கடலையோ வரைஞ்சு வைக்காதே, நம்ம கடலா இருக்கணும்" என்றார். சரி என்று பென்சிலைச் சீவி உட்கார்ந்தேன். முதலில் ஒரு கரை வேண்டும் அல்லவா? இடப்பக்கம் மணல், வலப்பக்கம் தண்ணீர், நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தேடித்தான் மாமா, நான் மூன்று வாரம் கரைந்துபோனேன். கடலின் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் ஊர், துறைமுகம் இருக்கிறது, பாரந்தூக்கி இருக்கிறது, கடல் மட்டும் நான் பிறக்கும் முன்பே வற்றி வற்றி வெளியூர் போயிருக்கிறது. பதினைந்து வயதாகியும் நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. கிளம்பும்போதெல்லாம் யாருடைய வண்டியாவது படுத்துவிடும்.

துறைமுகக் காவல்காரர் சகிந்திக் தாத்தாவிடம் போய், "கரை எங்கே இருக்கு?" என்றேன். அவர் பாரந்தூக்கிக்குக் கீழே தேநீர் குடித்துக்கொண்டு, "இங்கதான். நீ நிக்கிறது ஆழம், முழங்கால் நனையுது பாரு, இந்தப் பக்கம் வந்துரு" என்றார். சுற்றிலும் புழுதி. இரண்டு மாடுகள் வேறு கப்பல் நிழலில் படுத்திருந்தன. மீனவர் பால்தாபெக் அண்ணனிடம் கேட்டால் அவர் என்னையே கேட்கிறார்: "எந்த மாசத்துக் கரை வேணும்? அணை கட்டினதுலருந்து தண்ணி நம்மள நோக்கி வந்துக்கிட்டு இருக்கு தங்கச்சி. போன வருஷம் கூடாரம் போட்ட இடத்துல இந்த வருஷம் வலை போட்டேன். கோட்டைப் பென்சில்ல போடு, மையில போடாதே."

சரி, கோடு கிடக்கட்டும், மீனையாவது வரைவோம் என்றால் அங்கேயும் அடிதடி. சகிந்திக் தாத்தா, "நம்ம கடல் மீனுன்னா தட்டை மீன்தான். தண்ணில உப்பு ஏற ஏற மத்ததெல்லாம் செத்துது, அது மட்டும்தான் ஊருக்குச் சோறு போட்டுது" என்று சத்தியம் செய்கிறார். பால்தாபெக் அண்ணனோ, "தாத்தா எந்தக் காலத்துல இருக்காரு? தண்ணி இனிச்சதும் தட்டை மீன் மூட்டையைக் கட்டிருச்சு. இப்ப கெண்டைதான்" என்கிறார். டீச்சர், "ரெண்டையும் போடு, யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம்" என்று முடித்துவிட்டார். ஆக என் படத்தில் உப்புத் தண்ணீர் மீனும் நல்ல தண்ணீர் மீனும் ஒரே அலையில் நீந்துகின்றன, தண்ணீரில் ஒட்டகம் நிற்கிறது, மணலில் கப்பல் நிற்கிறது. அதைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது.

கடைசியில் விவகாரம் ஒராஸ்பெக் சாரிடம் போனது. தலைமையாசிரியர் ஆயிற்றே, தீர்த்துவைப்பார் என்று பார்த்தால் அவர் தம் பங்குக்கு, "நான் பொறந்ததே கரையில. எங்க வீட்டு வாசல்ல படகு கட்டியிருக்கும்" என்று ஊர் வரைபடத்தை விரித்து, எங்கள் பள்ளி விளையாட்டுத் திடலுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். டீச்சர் ஒரு கோடு, பூகோள வாத்தியார் ஒரு கோடு. பார்த்தால் அது கடலோரம் மாதிரி இல்லை, சாரின் நெற்றி மாதிரி இருந்தது. இரண்டு மணி நேரம் கத்திவிட்டு ஒராஸ்பெக் சார் களைத்துப்போய், "கோடே வேண்டாம்! மணல்ல ஆரம்பிச்சு நீலத்துல முடி. நடுவுல என்னான்னு எவனாவது கேட்டா காத்துன்னு சொல்லு" என்று சொல்லி, படத்தைப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பார்க்காமலே. இங்கேதான் மாமா வினையே. தட்டை மீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒராஸ்பெக் சார் கோபம் வந்தால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார், ஆனால் இரண்டு கண்ணும் நம்மீதே இருக்கும் என்பதும் அவரிடம் படித்த உங்களுக்குத் தெரியும். மீன் வரையும்போது என் கை சும்மா இருக்காமல், அவருடைய தொங்கும் மீசையைப் போட்டு, அந்த முறைப்பையும் போட்டுவிட்டது. டீச்சருக்குக் காட்டிச் சிரித்துவிட்டு அழிக்கலாம் என்றுதான் இருந்தேன். மைகூடக் காயவில்லை, அதற்குள் டீச்சர் சுருட்டி உங்களுக்கு அனுப்பிவிட்டார்.

இந்தச் சனிக்கிழமை பால்தாபெக் அண்ணன் வண்டியில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது. "கடலைப் பாக்காமயே கடலை வரைஞ்சவ நீ ஒருத்திதான், வா, வந்து தப்பைப் பாரு" என்று கூப்பிட்டிருக்கிறார். அன்று பள்ளி உண்டு. ஒராஸ்பெக் சார் அனுமதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ, "படத்தைப் பாத்துட்டுப் போடறேன்" என்கிறார். பார்த்தால் எதைப் போடுவார் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே மாமா, தாய்மாமனிடம் அக்கா பிள்ளை மூன்று வரம் கேட்டால் மறுக்கக் கூடாது என்கிற நம் வழக்கப்படி கேட்கிறேன். ஐந்து வயதில் உங்கள் புதுத் தொப்பியைக் கேட்டு வாங்கிப் பூனைக்குக் குட்டி போடக் கொடுத்தேன், ஒன்று. பத்து வயதில் உங்கள் தொலைநோக்கி, இரண்டு. மூன்றாவதை உங்கள் மோட்டார் சைக்கிளுக்காகப் பொத்தி வைத்திருந்தேன், அதைக் கண்ணீரோடு இங்கே செலவழிக்கிறேன்: அந்த மீசையை எடுத்துவிடுங்கள். கண்ணை மாற்ற வேண்டாம், டீச்சர் கொன்றுவிடுவார். மீசையைப் பக்கத்திலிருக்கும் கெண்டைக்கு ஒட்டிவிடுங்கள், அதற்கு இயற்கையிலேயே உண்டு, சந்தேகம் வராது.

அத்தைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பில் ரொட்டி குறையாதிருக்கட்டும், உங்கள் மை உலராதிருக்கட்டும். இத்துடன் புகைபோட்ட மீன் நான்கு அனுப்பியிருக்கிறேன். லஞ்சம் அல்ல, பாசம்.

இப்படிக்கு,
மூன்று வரமும் தீர்ந்துபோன டொல்கனாய்

பின்குறிப்பு: இதை டாக்சியின் எஞ்சின் மூடி மீது வைத்து எழுதுகிறேன். மேலே எழுதியது அத்தனையும் ரத்து! மாதிரிப் படத்தை ஒராஸ்பெக் சார் போனுக்கே அனுப்பி வைத்திருக்கிறீர்களே மாமா, உங்களை என்ன சொல்வது? சற்று முன் கூப்பிட்டனுப்பினார். போனேன். போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "உன் மாமன் குவானிஷ்! அதே மீசை, அதே முழி. கடைசி பெஞ்சுல உக்காந்துக்கிட்டு பத்து வருஷம் என்னை இப்படித்தானே பாத்தான்! பாவம், தன் படத்தைத் தானே அச்சடிக்கிறது தெரியாம அடிச்சிக்கிட்டு இருக்கான்!" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்த கையோடு என் அனுமதிச் சீட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டார். சனிக்கிழமை கடலுக்குப் போகிறேன் மாமா!

இப்போது நினைத்துப் பார்த்தால், அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது. ஆகவே மூன்றாவது வரத்தைத் திரும்பப் பெற்று, அதையே இப்படி மாற்றிக் கேட்கிறேன்: மீனின் மீசையில் கை வைக்காதீர்கள், உங்கள் மீசையிலும் வைக்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்கத் திங்கட்கிழமை அவரே நேரில் வருகிறாராம். வந்ததும் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள்.