ஹேஸல் வாயைத் திறக்காத நாள்

திரைச்சீலையை விலக்கிய ஹேஸல், "ஐயோ, விடிஞ்சே போச்சா!" என்று சொல்ல வாயெடுத்தாள். தெருவைப் பார்த்ததும் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வீடு குப்பைத்தொட்டி வெளியே நின்றது. அப்படியானால் இன்று வெள்ளிக்கிழமை. மற்ற வாரங்களில் குப்பை வண்டி வியாழனன்று வரும். திங்கட்கிழமை அரசு விடுமுறை என்றால் அந்த வாரம் ஒரு நாள் தள்ளி வெள்ளியன்று வரும். ஊருக்கே தெரிந்த கணக்கு இது. இந்தத் திங்கள் விடுமுறையன்று கடற்கரையில் மழையில் நனைந்து காய்ச்சலில் விழுந்தவளுக்கு, அதன்பின் எப்போது விடிந்தது, எப்போது இருட்டியது என்பதே தெரியவில்லை. நல்லவேளை, பக்கத்து வீட்டில் ரெஜ் இருக்கிறார். அவர் தொட்டியை உருட்டி வெளியே வைத்தால்தான் அந்தத் தெருவில் மற்றவர்கள் தங்கள் தொட்டியில் கை வைப்பார்கள்.

இன்று காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஹேஸல் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

எல்லாம் பிஸ்கட்டுக்காகத்தான். பிஸ்கட் கழுதைக் காப்பகத்தில் இருக்கும் கிழக்கழுதை. அதன் முதுகில் ஏறிக் கடற்கரையைச் சுற்றாத பிள்ளை அந்த ஊரில் கிடையாது. இப்போது குளம்பு அழுகிவிட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பணம் சேராவிட்டால் ஊசி போட்டு முடித்துவிட வேண்டியதுதான் என்று கால்நடை மருத்துவர் கையை விரித்துவிட்டார். அதைக் கேட்டு ஹேஸல் அழுத அழுகையில் பிறந்த யோசனைதான் இது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் முழுக்க அவள் மௌனமாக இருப்பாள், அதற்காக ஊரார் காப்பகத்துக்கு நன்கொடை தருவார்கள்.

"நீயா? பேசாமயா?" பப் நடத்தும் க்ளைவ் சிரித்த சிரிப்பில் பீர் மூக்கில் ஏறிவிட்டது. "ஊரே சேந்து குடுக்கறத நான் ஒருத்தனே குடுக்கறேன். ஆனா வீட்ல ஒளிஞ்சுக்கக் கூடாது. சலூனத் தொறந்து வழக்கம்போல முடி வெட்டணும். எழுதிக் காட்டக் கூடாது. ஒரு வார்த்தை விழுந்துச்சு, எங்கிட்டேருந்து சல்லிக்காசு பேராது!"

"பாத்துடலாம்டா!" என்றிருந்தாள் ஹேஸல்.

கைப்பேசியை அணைத்து மாவு டப்பாவுக்குள் புதைத்துவிட்டுப் போய் சலூனைத் திறந்தாள். 'மௌனம்' என்று எழுதிய அட்டையை எட்டு மணிக்குக் கொண்டுவந்து கழுத்தில் மாட்டிவிடுவதாகக் காப்பகத்து மோய்ரா சொல்லியிருந்தாள். ஆளையே காணோம். மோய்ராவின் ஞாபகமறதிதான் ஊரறிந்ததாயிற்றே.

வந்து நின்றது திருமதி ஆட்ஃபீல்டு. வியாழன் தவறாமல் சலூனுக்கு வருகிறவள். வியாழக்கிழமைக்காரிக்கு வெள்ளிக்கிழமை இங்கே என்ன வேலை? ஹேஸலுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. க்ளைவ் அனுப்பிய ஆள்!

"உடம்பு தேவலையா கண்ணு?"

ஹேஸல் தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்னடி, வாயில கொழுக்கட்டையா? எம்மேல கோவமா?"

ஹேஸல் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தாள். எப்போதும் கலகலவென்று இருக்கும் சலூனில் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. திருமதி ஆட்ஃபீல்டுக்கு வியர்த்தது.

"சரி, தெரிஞ்சுபோச்சா? ஆமா, போன மாசம் அந்தப் புது சலூனுக்குப் போனேன். ஒரே ஒரு தடவ! சாயம் மட்டுந்தான்!"

இது ஹேஸலுக்குப் புதுச் செய்தி. கேட்க வேண்டிய கேள்விகள் நாக்கு நுனிவரை வந்து முட்டின. முட்டிய வேகமெல்லாம் கைக்குப் போய், காதுக்குக் கீழே இருந்த முடி காதுக்கு மேலே ஏறிவிட்டது.

"ஐயையோ, என் முடி! ஏதாவது சொல்லித் தொலையேண்டி!"

சமாதானப்படுத்த நினைத்து ஹேஸல் தன் தொண்டையைத் தொட்டுக் கையை விரித்தாள். அதுவே வினையாகிவிட்டது.

"அடக் கடவுளே, குரலே போயிடுச்சா!" என்று அலறியபடி, பாதி வெட்டிய தலையோடு திருமதி ஆட்ஃபீல்டு தெருவில் ஓடினாள்.

மதியத்துக்குள் சலூன் முழுக்க சூப்பும் தேனும் எலுமிச்சம்பழமும் வந்து குவிந்தன. கூடவே டாக்டரும் வந்து சேர்ந்தார்.

"ஆ சொல்லுங்க."

'ஆ' ஒரு வார்த்தையா, இல்லையா? ஹேஸலுக்குத் தெரியவில்லை. எதற்கு வம்பு என்று வாயை மட்டும் பெரிதாகத் திறந்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க."

இன்னும் பெரிதாகத் திறந்தாள்.

"சுத்தமாப் போயிடுச்சு," என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தான் க்ளைவ். "அதானே பாத்தேன்! குரலே போனவ பேசாம இருக்கறதுல என்ன சாமர்த்தியம்? கால் ஒடிஞ்சவன் ஓடமாட்டேன்னு பந்தயம் கட்டுவானா? செல்லாது! குரல் இருக்குன்னு இன்னிக்கே பேசிக் காட்டு, அப்பத்தான் பணம்."

படுபாவி! பேசினால் தோல்வி, பேசாவிட்டால் செல்லாது. ஹேஸலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று காலில் நொண்டிக்கொண்டு, அவள் வாசனை பட்டாலே வேலியோரம் வந்து நிற்கும் பிஸ்கட்டை நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைப்பத்தை எடுத்து க்ளைவை வாசல்வரை பெருக்கித் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள். இடியே விழுந்தாலும் எட்டு மணிவரை வாயைத் திறப்பதில்லை.

சாயங்காலமாகியும் குப்பை வண்டி வரவில்லை. நகராட்சியை நாலு வார்த்தை திட்டக்கூட முடியவில்லையே என்று ஹேஸலுக்கு வயிறு எரிந்தது.

தேவாலய மணி எட்டு அடித்து ஓய்ந்ததும் தெருவுக்குப் பாய்ந்தாள். பப் வாசலில் க்ளைவ் நின்றிருந்தான். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி திருமதி ஆட்ஃபீல்டும் நின்றிருந்தாள்.

"டேய் க்ளைவ்! கேக்குதாடா என் குரல்?" தெருக்கோடிவரை எதிரொலித்தது. "ஆளனுப்பினே, டாக்டர அனுப்பினே, கடைசில நீயே வந்தே! அசைஞ்சேனா? ஒரு வார்த்தை விழுந்துச்சா? எட்டுலேருந்து எட்டு வரைக்கும் இருந்து காட்டிட்டேன். பிஸ்கட்டோட பணத்த எடு!"

கைதட்டலுக்காக நின்றாள். ஒருவரும் தட்டவில்லை.

"குரல் நல்லாத்தான் இருக்கு. அப்போ பந்தயம் செல்லும்," என்றான் க்ளைவ் குழப்பத்தோடு. "ஆனா இப்பவே எதுக்குப் பணம் கேக்கறே?"

தன் குப்பைத்தொட்டியைக் கடகடவென்று வீட்டுக்குள் திரும்ப உருட்டிக்கொண்டிருந்த ரெஜ் நின்று, தலையைச் சொறிந்தார்.

"மன்னிச்சுக்கோம்மா ஹேஸல், லீவு வாரம்ங்கறத மறந்து நான் இன்னிக்கே தொட்டிய வெளிய வெச்சுட்டேன், என்னப் பாத்துத் தெருவே வெச்சிருச்சு... இன்னிக்கு வியாழக்கிழமைதான்."