காலாண்டு சாரும் ஒரு கூடுதல் கையும்

மதுரையில் பஸ் தாமதமாக வரும், தண்ணீர் தாமதமாக வரும், மாப்பிள்ளை வீட்டார் தாமதமாக வருவார்கள். ஆனால் தாமதத்தை ஒரு விரதம் போலக் கடைப்பிடித்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் காலாண்டு சார்.

தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் எங்கள் தாவரவியல் சங்கம் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அது ஓர் ஆய்விதழ் வெளியிட வேண்டும். அதன் ஆசிரியர் என்பதால்தான் அவருக்கு அந்தப் பெயர். ஜனவரி இதழ் மாம்பழம் வரும்போது வரும். காரணம் சோம்பல் இல்லை. கட்டுரையில் ஒரு செடி இருந்தால், அதை நேரில் போய்ப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டார்.

ஒரு பேராசிரியர் அழகர்கோவில் மலையடிவாரத்துக் கொடி ஒன்றைப் பற்றி எழுதினார். சார் பஸ் ஏறிப் போய், வேட்டியை முள்ளில் கிழித்துக்கொண்டு திரும்பினார்.

"கொடி இருக்கு. ஆனா நீங்க எழுதுன மரத்துல இல்ல. பக்கத்து மரத்துல இருக்கு."

"பக்கத்து மரம்தானே சார், விடுங்க."

"உங்க கல்யாணப் பத்திரிகையில பக்கத்து வீட்டுக்காரர் பேரைப் போட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

நான் அங்கே பிழை திருத்தும் வேலை பார்த்தேன். எம்.எஸ்ஸி. படித்தவள். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. அவள் தும்மினால் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பேன். தும்மாவிட்டால் ஏன் தும்மவில்லை என்று தொட்டுப் பார்ப்பேன்.

பிரசவத்துக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஊர்க் கண்மாயில் ஒரு சிறிய நீர்ச்செடியைக் கண்டேன். அந்தப் பகுதியில் அது இருப்பதாக யாரும் எழுதியதில்லை. நான் எழுதினேன். ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வரவிருந்தது. கட்டுரை அச்சாகிவிட்டால் வேலை கிடைத்த மாதிரிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். காலாண்டு சார் மட்டும் சொல்லவில்லை.

"கண்மாய் வத்திக் கிடக்கேம்மா. மழை பெய்யட்டும், போய்ப் பாத்துட்டு வாரேன்."

"செடியைக் காயவைச்சு ஒட்டிக் கொடுத்திருக்கேனே சார்?"

"செடி சரி. அது அந்தக் கண்மாயிலதான் இருந்துச்சுன்னு யாரு சொன்னா?"

"நான்தான் சார்."

"நீ அடுப்பை அணைச்சமான்னு பாதி வழியில திரும்பிப் போற ஆளு!"

அது உண்மைதான். அன்றும் திரும்பிப் போயிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு பதிப்பகக் கம்பெனியின் ஆள் டை கட்டிக்கொண்டு வந்தார். இதழை அவர்களே நடத்துவார்களாம். வழவழப்பான தாள், சொன்ன தேதியில் இதழ், வெளிநாட்டு நூலகங்களுக்கு விற்பனை. இதழின் பெயர் மட்டும் கம்பெனிக்குச் சொந்தமாகும். உறுப்பினர்களும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

"நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம் சார்" என்றார்.

"ஒண்ணுமே செய்யாம இருக்கவா சங்கம் வச்சோம்?" என்றார் காலாண்டு சார்.

கூட்டம் கூட்டி, கை தூக்கி முடிவு செய்வது என்றானது. "கம்பெனிக்குக் கொடுக்கலாம்னு நினைக்கிறவங்க?" என்று தலைவர் கேட்டதும் நேர்முகத் தேர்வு கண்முன் வந்தது. கை தானாக எழுந்தது. "நம்மளே நடத்தலாம்னு நினைக்கிறவங்க?" என்றபோது காலாண்டு சார் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கும் என் கை எழுந்துவிட்டது.

எண்ணியவர் விழித்தார். "அண்ணே, ரெண்டு பக்கமும் சமமா இருக்கு. ஆனா தலையை விட ஒரு கை கூடுது."

என்னால் பொய் சொல்ல முடியாது. சொன்னால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். எழுந்து நின்றேன். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரி இருந்துச்சு..."

"இது என்ன பட்டிமன்றமா? ஒரு பக்கம் சொல்லுங்கம்மா!" என்றார் தலைவர்.

ஓரமாக உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரரிடம் கேட்டேன். "என் கண்மாய்க் கட்டுரையை எப்போ போடுவீங்க?"

அவர் அன்பாகச் சிரித்தார். "கண்மாயில கிடக்கிற செடிக்கு லண்டன்ல யாரு மேடம் காசு கொடுப்பா? அந்த மாதிரி சின்ன சின்ன கட்டுரையெல்லாம் நீக்கிருவோம்."

"நம்மளே நடத்துவோம்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். 'எம்புட்டு கொள்கை அந்தப் பொண்ணுக்கு' என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. நான் திருத்தவில்லை. பிழை திருத்துவதுதான் என் தொழில் என்றாலும்.

மறுநாள் உரிமையோடு போய் நின்றேன். "சார், இந்த இதழ்ல என் கட்டுரை..."

"வராதும்மா. இன்னும் பாக்கலையே."

"உங்களுக்குத்தானே சார் கை தூக்குனேன்!"

"அதனாலதாம்மா இன்னும் நல்லாப் பாக்கணும்."

அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். மழை வராதோ என்று அழுதேன். வந்தால் குழந்தைக்குச் சளி பிடிக்குமே என்றும் சேர்த்து அழுதேன்.

நேர்முகத் தேர்வுக்கு முந்தைய வாரம் மழை கொட்டித் தீர்த்தது. விட்ட மறுநாளே சாரும் நானும் குழந்தையுமாக பஸ்ஸில் கிளம்பினோம். கண்மாய் நிறைந்திருந்தது. சார் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். நான் குழந்தையோடு கரையில் நின்றேன். செடி இல்லாவிட்டால் வேலையும் இல்லை. அவர் குனிந்தார், துழாவினார், வெகுநேரம் பார்த்தார்.

"இருக்கும்மா! நீ எழுதுனது அம்புட்டும் சரி!"

"சார், நல்லாப் பாத்தீங்களா?" என்று கத்தினேன். "வேற ஏதாவது செடியா இருந்துடப் போகுது!"

அவர் தண்ணீருக்குள் நின்றபடியே சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அடுப்பு மாதிரி செடியையும் இம்புட்டு சந்தேகப்படுற ஆளுன்னு தெரிஞ்சிருந்தா, நீ எழுதுனதையே நம்பியிருப்பேன். தண்ணியில இறங்கியே இருக்க மாட்டேன்!"

வேலை கிடைத்தது. இதைச் சொல்லாவிட்டால் நீங்களும் என்னைப் போலத் தூக்கம் கெடுவீர்கள். இதழ் வழக்கம்போல வந்து சேராததால் ஈரம் காயாத அச்சுத்தாளைத்தான் நேர்முகத் தேர்வுக்கு எடுத்துப் போனேன். "காலாண்டு சார் தண்ணியில இறங்கிப் பாத்தாரா?" என்று மட்டும் தேர்வுக் குழுவினர் கேட்டார்கள்.

ஆனால் அன்று கண்மாயிலிருந்து அவர் நடுங்கிக்கொண்டே கரையேறியபோது எனக்கு வேலை ஞாபகமே இல்லை. குழந்தைக்கென்று வைத்திருந்த ஒரே துண்டை நீட்டினேன்.

"பிள்ளைக்கு வேணுமேம்மா."

"அவளுக்கு என் முந்தானை இருக்கு. நீங்க முதல்ல தலையைத் துவட்டுங்க சார்."