கண்ணெல்லாம் மைக் அண்ணன் மேல்

ஈப்போ வட்டாரத்திலேயே தன் உடல் எடையை ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு, அதற்குக் கைதட்டலும் எதிர்பார்த்த ஒரே மனிதர் மைக் அண்ணன்தான். வேறு யாராவது இருந்தால் எழுதிப் போடுங்கள். நம்ப மாட்டேன்.

அப்போது நான் மலேசிய அரசாங்கப் பணத்தில் நடந்த ஓர் ஆய்வில் வேலை பார்த்தேன். குழந்தைகள் பிறந்ததிலிருந்து பள்ளிக்கூடம் போகும்வரை எப்படி வளர்கிறார்கள், எப்போது நடக்கிறார்கள், எப்போது பேசுகிறார்கள் என்று அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த இடம் லகாட்டுக்கு அந்தப் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்து ஜனங்கள் குடியேறிய ஒரு தாமான், அதாவது வீடமைப்புக் குடியிருப்பு. வேன் ஓட்ட வந்தவர்தான் மைக் அண்ணன். வரும்போதே சொந்தமாக ஒரு மைக்கும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்தார். யாரும் கேட்கவில்லை.

சிலிம் ரிவர் பக்கம், தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் ஒரு தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவர் அவர்.

"நான் பொறந்தப்ப என்னா எடைன்னு எங்கம்மாகிட்ட கேட்டேன் தங்கச்சி. ஒரு மரவள்ளிக்கெழங்கு அளவுக்கு இருந்தேன்னு சொல்லிச்சு. பெரிய கெழங்கா சின்னக் கெழங்கான்னு கேட்டா அடிக்க வருது. இப்ப பாரு, கவர்மெண்டே காசு போட்டு நம்ம புள்ளைக்கு எத்தன பல்லுன்னு வந்து கேக்குது! சும்மாவா?"

இதைச் சொல்லும்போது, அந்தப் பணத்தை ஒதுக்கிக் கையெழுத்துப் போட்டதே தான்தான் என்பதுபோல நெஞ்சை நிமிர்த்துவார்.

அந்தப் பெருமைதான் முதல் நாளே எங்களைக் கவிழ்த்தது. தாமான் மண்டபத்தில் ஒரு கொழுகொழு குழந்தையைத் தராசில் வைத்தோம். நான் எடையைக் குறித்துக்கொள்வதற்குள் மைக் முழங்கியது.

"நம்ம மாலா அக்கா மவன், ஆறு மாசம், ஒம்போது கிலோ! சிங்கக்குட்டிலா!"

மாலா அக்கா பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கித் துண்டால் மூடினார்.

"அலாமா! ஊருக்கே கேக்குற மாதிரி எடையச் சொன்னா கண்ணு பட்டுடாதா? இந்த ஆளத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில சேக்காம, யாரு வேன் ஓட்ட விட்டது?"

பத்து நிமிடத்தில் மண்டபத்தில் நாங்களும் தராசும்தான் மிச்சம். அடுத்த வாரமும் ஈ காக்கை இல்லை. கோலாலம்பூரிலிருந்து தலைமை டாக்டர் போன் செய்தார். பிள்ளைகள் வராவிட்டால் இந்தத் தாமானை விட்டுவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்வார்களாம். அன்று மதியம் மைக் அண்ணன் வாழை இலைச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததாக வரலாறு இல்லை.

"வேற எடத்துக்குப் போயிட்டா நம்ம புள்ளைங்க எப்படி வளருதுன்னு யாரு தங்கச்சி கேப்பா?" என்றார்.

பிறகு வீடு வீடாக ஏறி இறங்கி, "வாங்கக்கா, கண்ணுக்கு நான் பொறுப்பு" என்று கெஞ்சினார். பாவம் பார்த்துச் சில தாய்மார்கள் வந்தார்கள். முதல் பிள்ளையை எடை பார்த்து இறக்கியதும், பெரியவர்களுக்கான தராசில் இவர் ஏறி நின்று மைக்கைப் பிடித்தார்.

"புள்ள எடை ரகசியம்! மைக் அண்ணன் எடை நூத்திப் பத்து கிலோ! கண்ணு வைக்கிறவங்கல்லாம் இங்க வைங்கலா, எடம் நெறைய இருக்கு!"

மண்டபமே சிரித்தது. அடுத்த பிள்ளைக்கும் ஏறினார், அதற்கடுத்த பிள்ளைக்கும் ஏறினார். சாயங்காலத்துக்குள் மாலா அக்காவே மகனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் ஆய்வின் சட்டமாகிவிட்டது. மைக் அண்ணன் தராசில் ஏறாமல் எந்தத் தாயும் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். இதை அறிக்கையில் எப்படி எழுதுவது? 'உள்ளூர் ஒத்துழைப்பு மிகச் சிறப்பு' என்று எழுதி அனுப்பினேன். தே தாரிக் டீயில் சீனியைக் குறைக்கச் சொன்ன எங்கள் குழுத் தாதியிடம் மைக் அண்ணன், "நான் எளைச்சிட்டா புள்ளைங்களுக்கு யாரும்மா காவலு?" என்று சண்டைக்குப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து அந்தச் சீனி ஒரு நாள் அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. திரும்பி வந்தபோது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. அந்த வாரம்தான் பிள்ளைகளைப் பார்க்கும் முறை. ஆய்வை இங்கே தொடரலாமா என்று முடிவுசெய்யத் தலைமை டாக்டரே வந்திருந்தார்.

"இந்த ஒடம்பப் பாத்துட்டு எவ புள்ளையக் கொண்டாருவா? கண்ணு தாங்குற ஆளு மாதிரியா இருக்கேன்?" என்று வேனைவிட்டு இறங்க மறுத்தார் மைக் அண்ணன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஆனால் ஒருவரும் பிள்ளையைத் தராசில் வைக்கவில்லை. முன்னால் மாலா அக்கா, கையில் உப்பும் காய்ந்த மிளகாயும் வைத்த தட்டு.

"மொதல்ல அண்ணன உக்கார வைங்க. எங்க புள்ளைங்க மேல வர்ற கண்ணையெல்லாம் இவருதானே வாங்கிப் படுத்துட்டாரு!"

பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, ஒவ்வொரு தாயும் உப்பு மிளகாய் எடுத்துச் சுற்றினார்கள். என் கையிலும் ஒரு பிடியைத் திணித்தார்கள், நானும் சுற்றினேன். நான் நீட்டிய மைக்கைக்கூட வாங்காமல் மைக் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அப்படி அவரை நான் பார்த்ததே கிடையாது. எல்லாவற்றையும் வாசலில் இருந்த கரி அடுப்பில் போட்டார்கள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பது கணக்கு. அத்தனை மிளகாய் எரிந்தும் ஒருவரும் இருமவில்லை.

"பாத்தீங்களா டாக்டர், எவ்ளோ கண்ணு!" என்றார் மாலா அக்கா.

டாக்டர் வரிசையைப் பார்த்தார். ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை. "இந்தத் தாமானை விடுவதாக இல்லை" என்று என்னிடம் சொன்னார்.

நெடியே வராததால், என் கண்ணில் வந்த தண்ணீருக்கு மிளகாயைக் காரணம் சொல்ல முடியவில்லை.