மட்டை வேகம் குறித்த இறுதி அறிக்கை

எடை அளவு அலுவலகத்தின் பேஸ்பால் அணி தொடர்ந்து பதினொரு ஆட்டங்களில் தோற்றதை முன்னிட்டு, மட்டையின் வேகம் உடம்பில் எங்கிருந்து பிறக்கிறது என்று கண்டறிய மூவர் குழு அமைக்கப்பட்டது. பன்னிரண்டாவதும் தோற்றால் மைதானம் அதிகாரிகளின் கார் நிறுத்துமிடமாகிவிடும். ஆகவே பயிற்சியை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள்.

குழுவை முன்மொழிந்தவர் எழுத்தர். எதற்கெடுத்தாலும் குழு போடச் சொல்வதால் அவருக்கு உபகுழு என்றே பெயர். அணிக்கு நம்பிக்கை நட்சத்திரமும் அவர்தான். மூன்று வருஷமாக அவர் மட்டையில் பட்டது காற்று மட்டுமே, காற்றுக்கும் சேதமில்லை.

“வேகம் இடுப்பிலேர்ந்துதான்யா வருது,” என்றார் கண்காணிப்பாளர், நாற்காலியை விட்டு எழாமல். பத்தரைக்கு உட்கார்ந்தால் ஐந்தரைக்கு எழும் இடுப்பு அது. அனுபவம் பேசியது.

“மணிக்கட்டு சார்,” என்றார் ஆவணக் காப்பாளர். “ஈ அடிக்கறப்ப நான் இடுப்பையா ஆட்டறேன்?”

“அது ஈ. இது பந்து.”

“ஈயாவது தப்பிச்சு ஓடும் சார். பந்து நம்மளத் தேடி வருது!”

இதற்குப் பதில் தேடவே இரண்டு கூட்டங்கள் ஆயின.

உபகுழு சமரசம் கண்டு, அறிக்கையைத் தன் கையாலேயே எழுதினார். தரையை உதைத்த விசை பாதத்தில் கிளம்பி, முழங்கால், இடுப்பு, தோள், முழங்கை வழியாக மணிக்கட்டுக்குப் போகிறது. இடுப்பு திரும்பி நின்றால்தான் தோள் பாயும்; தோள் நின்றால்தான் கை பாயும். “பெரியவர் நின்னுடுவார், சின்னவன் ஓடுவான். நம்ம ஃபைல் போற பாதையேதான் சார்!” இயற்பியலே தங்களைப் பார்த்துக் காப்பியடித்திருப்பதில் குழுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

எடைக்கற்களில் சுத்தியலால் முத்திரை குத்தும் அம்மா வாசலில் நின்று சொன்னார்: “நான் தினம் முந்நூறு கல்லு அடிக்கறேண்ணே. அடிக்கறப்ப இடுப்பை நெனைச்சா விரல்தான் நசுங்கும்.”

அவர் குழு உறுப்பினரல்லர் என்பது பதிவு செய்யப்பட்டது.

ஆட்ட நாள். எதிரணி, குடிநீர் அலுவலகம். கடைசி வாய்ப்பு, மூன்றே பந்துகள். மைதானத்தின் மூலைகளில் நம்மாட்கள் இருவர் ஓடக் காத்திருக்க, உபகுழு பந்தை அடித்து, ஓடி, முதல் மூலையை மிதித்துவிட்டால் வெற்றி. அவருக்கு முன்னால் பந்து அங்கே போய்விட்டால் கார்கள்.

முதல் பந்து வந்தது. பாதம் அனுப்பியது, முழங்கால் பரிந்துரைத்தது, இடுப்பில் ஃபைல் தங்கிவிட்டது. மணிக்கட்டுக்கு ஒப்புதல் வந்து சேர்வதற்குள் பந்து பின்னால் நின்றவர் கைக்குப் போய்விட்டது. இரண்டாவதும் அவ்வண்ணமே.

மூன்றாவது நேராக மூக்கைப் பார்த்து வந்தது. குழுவைக் கலக்காமல், “ஐயோ!” என்று வீசினார் உபகுழு.

டமார்! பந்து கோடி வேலியில் போய் மோதியது.

“ஓடுங்கண்ணே! ஓடுங்க!” தொண்டை கிழியக் கத்தினார் முத்திரைக்காரம்மா.

“இரும்மா!” என்றார் உபகுழு, நின்ற இடத்திலேயே. “எது முதல்ல அசைஞ்சுது? யாராவது பார்த்தீங்களா?”

“இடுப்பு! ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்!” கண்காணிப்பாளர் நாற்காலியை விட்டே எழுந்து ஓடிவந்தார்.

“மணிக்கட்டு சார், அநியாயமாப் பேசாதீங்க!” இரண்டாவது மூலையில் காத்திருந்த ஆவணக் காப்பாளர் மைதானத்தின் குறுக்கே ஓடிவந்தார்.

“எங்கே, இன்னொரு தரம் வீசிக் காட்டுய்யா!”

உபகுழு வீசிக் காட்டினார். அருமையான வீச்சு.

வேலியோரம் பந்தைப் பொறுக்கியவர், அவசரம் ஒன்றும் தெரியாததால், அதை நடந்தே கொண்டுவந்து முதல் மூலையில் வைத்தார்.

இப்போது குழு கார்களுக்கு நடுவே கூடுகிறது. அடித்தபின் ஏன் ஓடவில்லை என்று எழுத்தரிடம் விளக்கம் கேட்டார்கள். நாற்பது பக்க அறிக்கையில் ஓடுவது பற்றி ஒரு வரிகூட இல்லை என்று பணிவுடன் பதில் எழுதினார். புரட்டிப் பார்த்தார்கள்; வாஸ்தவம்.

“இதை எழுதின மடையன் யாருன்னு கண்டுபிடிக்க ஒரு குழு போடலாமே சார்,” என்றார் உபகுழு.

எல்லோரும் ஒரே வேகத்தில் கை தூக்கினார்கள். அந்த வேகம் தோளிலிருந்து வந்ததா, மணிக்கட்டிலிருந்து வந்ததா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.