எர்சிலியாவின் ஆன்ம சாந்திக்கு

கர்சானோ, ஏரிக்கரை
அக்டோபர் 1919, சனிக்கிழமை

கடல் கடந்து ரொசாரியோவில் குடும்பத்தோடு வாழும் மூத்த சகோதரி எர்சிலியாவுக்கு, தம்பி அன்செல்மோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பல்மீராவும் நலம். நலம் என்றால், என் இடுப்புவலியும் அவள் வாயும் முன்போலவே ஓய்வில்லாமல் இருக்கின்றன. அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். முக்கியமாக, நீ உயிரோடு இருப்பாய் என்று நம்புகிறேன்.

இதைத் தனியாக ஏன் சொல்கிறேன் என்றால், நம்மூர் மாதா கோவில் கதவில் ‘எர்சிலியாவின் ஆன்ம சாந்திக்காக ஞாயிறு காலை பூசை’ என்று ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தையற்காரி ஜெல்த்ரூடா அழுதுகொண்டே அத்தானுக்கு ஒரு துக்கக் கடிதம் போட்டுவிட்டாள். அது என் கடிதத்தை முந்திக்கொண்டு வந்து சேர்ந்தால், அத்தானை உட்காரவைத்துக் கொஞ்சம் ஒயின் கொடுத்து, நீயே அவர் முன்னால் போய் நில். செத்தது நீ இல்லை அக்கா, உன் பெயர்க்காரி, நம் கப்பல்.

அப்பா அந்தச் சின்ன நீராவிக் கப்பலை ஏரியில் இறக்கிய அன்று நீ வெள்ளை கவுனில் நின்று, வழக்கப்படி அதன் மூக்கில் உடைக்க ஒயின் பாட்டிலை வீசியதும், பாட்டில் உடையாமல் திரும்பி வந்து அப்போதைய சாமியாரின் கால் பெருவிரலில் விழுந்ததும் உனக்கு நினைவிருக்கும். அதன்பிறகு அவள் சந்தைக்குப் போகும் பெண்களையும் ஆடுகளையும் பாலாடைக் கட்டிகளையும் கரைக்குக் கரை சுமந்தாள். நம் தங்கை ஒர்சோலாவைக் கட்டிய ஃபெர்மோதான் இத்தனை காலமும் அவளுக்குக் கேப்டன். போர் வந்ததும் சிப்பாய்கள் வந்து, வேலை முடிந்ததும் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி அவளை வடக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். போர் முடிந்தது. ரொட்டிக்கடைக்காரரின் கோவேறு கழுதைகூட ஒரு காது இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது. அவள் மட்டும் வரவில்லை. ஃபெர்மோ தினமும் கேப்டன் தொப்பியை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவான். இந்த இலையுதிர் காலம் தொடங்கியதும் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டான். நாற்பது வருஷம் மருந்துக்கடை வைத்திருந்தவன் என்ற தைரியத்தில் நான் பசி எடுக்க ஒரு கஷாயம் காய்ச்சிக் கொடுத்தேன். அதைக் குடித்து ஒர்சோலாவின் பூனைக்குப் பசி எடுத்தது.

கடைசியில் ஒர்சோலா வந்து என் சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள். “அண்ணே, அவரு பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டுப் போட்டு மாளல. கப்பலக் கண்டுபிடிச்சுக் காட்டு. இல்லேன்னா அதோட பொணத்தையாவது காட்டு. இப்படி ரெண்டுங்கெட்டானா இருந்தா அந்த மனுஷன் போய்ச் சேந்துடுவாரு” என்றாள். பல்மீரா பாத்திரம் கழுவிக்கொண்டே, “போயிட்டு வாங்க. வீட்ல உக்காந்து இடுப்பப் பிடிச்சுக்கிட்டு இருக்கறத படகுல உக்காந்து பிடிச்சுக்கங்க” என்றாள். ஆகவே நான் புறப்பட்டேன். கஷ்கொட்டை வியாபாரி ஒருவரிடம் துடுப்புப் படகை இரவல் வாங்கி, ஃபெர்மோ வலிக்க, நான் முனக, வடக்கே போனோம்.

முதலில் ப்ரெமீனேயில் இறங்கினோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த காத்தீனா என்பவளிடம் கேட்டதும், “எர்சிலியாவா? அவ முழுகிப் போயிட்டா. என் கண்ணால பாத்தேன்” என்றாள். எங்கே என்று கேட்டதற்கு ஏரி முழுவதையும் கையால் சுற்றிக் காட்டினாள். அன்று மூடுபனி என்று அவளே சொன்னாள். “மூடுபனியில எப்படிம்மா பாத்தீங்க?” என்று ஃபெர்மோ கேட்டான். “சத்தம் கேட்டுப் பாத்தேன்.” உள்ளேயிருந்து அவள் புருஷன், “அவ பாத்தது மாட்டுப் படகுய்யா. எர்சிலியாவப் பழைய இரும்பு விலைக்கு வித்துட்டாங்க. அடிப்பக்கம் முழுக்கத் துருவாம், ஒரு பய வாங்க மாட்டேன்னானாம்” என்றான். அக்கா, அவர்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஏரியின் தலைமாட்டில் இருக்கும் ஊரில் ஒரு குமாஸ்தா, “எர்சிலியா உங்களுக்கு என்ன உறவு?” என்று கேட்டார். அக்கா என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். உடனே எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். அதற்குப்பிறகு கப்பல் என்று விளக்கியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. துக்கப்பட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ள யாருக்கும் பிடிப்பதில்லை.

மழையில் நனைந்து, என் ரப்பர் காலணி ஒன்றைச் சேற்றில் தொலைத்து, வால்ஸ்கூராவை அடைந்தபோதுதான் அதைப் பார்த்தோம். பத்திஸ்தீனா என்ற விதவை திராட்சைச் சக்கையிலிருந்து சாராயம் காய்ச்சும் கொட்டகை. அதன் கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு கப்பல் புகைபோக்கி நின்றது. ஃபெர்மோ உள்ளே போய் இரண்டு கைகளாலும் அதைக் கட்டிக்கொண்டான். அடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது அக்கா. நான் இழுத்தும் அவன் விடவில்லை. உள்ளங்கை சிவந்து கொப்பளித்ததற்கு அப்புறம்தான் விட்டான். தரையில் உட்கார்ந்து அழுதான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்தில் ஒர்சோலா அவன் காலை மிதித்தபோதுகூட.

அந்த அம்மாள் முதலில் கரண்டியோடுதான் வந்தாள். “யாருய்யா நீங்க? சிப்பாய்ங்க ஊரக் காலி பண்ணிப் போறப்ப வெலைக்கு வாங்கினது அது. அதத் தூக்கிக் குடுத்துட்டா என் பொகை எங்க போகும்?” என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, “எம் மகன் மலைப்பக்கம் சண்டைக்குப் போனவன். செத்தான்னும் சொல்ல மாட்டேங்கறாங்க, இருக்கான்னும் சொல்ல மாட்டேங்கறாங்க. அவன் தொப்பியோ செருப்போ யாராவது கொண்டாந்து குடுத்தா வாங்கி வெச்சுக்குவேன். கையில ஏதாவது ஒண்ணு வேணும்ல” என்றாள். குனிந்து அடுப்பை அணைத்தாள். ஃபெர்மோவின் கைக்கு வெண்ணெய் தடவினாள். மருந்துக்கடைக்காரன் நான் பக்கத்திலேயே நின்றேன், வெண்ணெய் தடவக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரும்பு ஆறியதும் மூன்று பேருமாகக் கழற்றினோம்.

படகில் அதைப் படுக்கவைத்தால் தலைப்பக்கம் தண்ணீருக்குள் போனது. ஆகவே நிமிர்த்திக் கட்டி, நான் அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன். இங்கேதான் பெரிய கூத்து நடந்தது. கர்சானோ முனையைத் திரும்பும்போது மாலை மூடுபனி. கரையில் இருந்தவர்களுக்குப் படகு தெரியவில்லை, பனிக்கு மேலே புகைபோக்கி மட்டும் தெரிந்திருக்கிறது. “எர்சிலியா வந்துட்டா” என்று யாரோ கத்த, ஊரே துறைக்கு வந்துவிட்டது. கோவில் மணி அடித்தார்கள். பாண்டு வாத்தியக்காரர்களில் பிழைத்து வந்த நாலு பேர் வாசிக்கவும் தொடங்கிவிட்டார்கள். ஒர்சோலா ஏப்ரனோடு ஓடி வந்தாள். நாங்கள் பனியை விட்டு வெளியே வந்ததும் வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது. ஒரு துடுப்புப் படகு, ஒரு கரிக்குழாய், அதைத் தழுவிக்கொண்டு முகமெல்லாம் கரியாக நான். பின்னால் யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்கள். பல்மீரா மட்டும், “பரவால்ல, ரெண்டு பேரும் முழுசா வந்துட்டீங்க” என்றாள். அவள் இவ்வளவு கனிவாகப் பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

புகைபோக்கியை அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைப்பது என்று முடிவாயிற்று. சாமியார் தோன் கல்லிஸ்தோ, “இரும்புக்கு ஆன்மா கெடையாது, பூசை வெக்க முடியாது” என்றார். ஒர்சோலா விடவில்லை. “சாமி, பேரை மட்டும் சொல்லுங்க, யாருன்னு சொல்ல வேணாம்.” இப்படித்தான் உன் பெயர் கதவில் ஏறியது. நாளைக் காலை பூசை. ஃபெர்மோ இன்னும் சாப்பிடவில்லை. ஆனால் முகத்தில் ஒரு அமைதி வந்திருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் இருந்த காலத்தில் அந்த மாதிரி அமைதியை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே அக்கா, நம் கப்பல் போய்விட்டது, இனி அதைப் பற்றி விசாரிக்க வேண்டாம். அவளுக்காக அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. ஃபெர்மோவுக்காக இன்னொன்று. அத்தானுக்கு என் மரியாதை, பிள்ளைகளுக்கு முத்தம். தேவமாதா உங்கள் வீட்டுக் கூரையின் மேல் கை வைத்திருக்கட்டும், அந்தக் கை எங்கள் பக்கமும் கொஞ்சம் நீளட்டும்.

என்றும் உன் தம்பி,
அன்செல்மோ

பின்குறிப்பு: ஞாயிறு காலை. மேலே எழுதியது எதையும் நம்பாதே. விடிந்ததும் ஃபெர்மோ என் வீட்டுக்கு வந்து, பல்மீரா கிளறி வைத்திருந்த சோளக்களியைச் சட்டியோடு இழுத்துவைத்து, பாலாடைக் கட்டியும் போட்டு, வழித்துத் தின்றான். வாயைத் துடைத்துக்கொண்டு, “மச்சான், அந்தக் குழாய் எர்சிலியாவோடது இல்ல. நம்மளோடது இன்னும் ஒரு சாண் அகலம்” என்றான். எப்போது தெரிந்தது என்று கேட்டேன். “கட்டிப்பிடிச்சப்பவே.” அப்புறம் ஏன் அப்படி அழுதாய் என்றேன். “அழுகை நாலு வருஷமா நின்னுக்கிட்டு இருந்துச்சு மச்சான். அதுக்கு ஒரு எடம் வேணும்ல” என்றான். தோன் கல்லிஸ்தோ, ஆரம்பித்த பூசையை நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார், ஆகவே உன் ஆன்மா இந்த நேரம் சாந்தியடைந்துகொண்டிருக்கிறது. ஃபெர்மோ போகவில்லை. புகைபோக்கியைப் படகில் ஏற்றிக்கொண்டிருக்கிறான், வால்ஸ்கூராவில் திருப்பிக் கொடுக்க. போகிற வழியில் மேற்குக் கரைப் பக்கமும் விசாரிக்க வேண்டுமாம், நான் மறுபடி குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். அந்த அம்மாளிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். கயிற்றை இறுக்கிக்கொண்டே, “அடுப்ப மூட்டுங்கம்மா, நம்ம ரெண்டு பேருக்குமே இன்னும் சேதி வரலைன்னு சொல்வேன்” என்றான்.