மச்சான் ஜவ்வா, அண்ணன் ஜவ்வா?

முழங்கால் ஜவ்வு கிழிந்ததுகூட கோபிநாத்தை அவ்வளவு படுத்தவில்லை. அதற்குப் பதிலாக எதை வைப்பது என்று டாக்டர் விளக்கியதுதான் படுத்தியது.

"தொடைக்குப் பின்னாடியிருந்து எடுத்து வைக்கலாம். முட்டிச் சில்லுக்குக் கீழேயிருந்தும் எடுக்கலாம். வேற ஆளோடதையும் வைக்கலாம். எல்லாத்துலயும் நல்லதும் இருக்கு, சிரமமும் இருக்கு. வீட்ல கலந்து பேசிட்டுப் புதன்கிழமை சொல்லுங்க."

கோபிநாத் ஆலங்குடிப் பக்கம் மினிபஸ் ஓட்டுபவன். இடது காலால் கிளட்சை மிதிக்க முடியாமல் பத்து நாளாக வீட்டில் கிடந்தான். டாக்டர் சொன்ன மூன்றில் அவன் மண்டையில் ஏறியது மூன்றாவது மட்டும்தான். வீட்டில் கலந்து பேசச் சொன்னதையும் அப்படியே செய்து தொலைத்தான்.

மனைவி வனிதா தன் தம்பி வெற்றிசெல்வனுக்குப் போன் போட்டாள். அரை மணி நேரத்தில் அவன் பைக்கில் வந்து இறங்கினான்.

"வேற ஆளுன்னா வேற யாரு? நான்தான். அக்காவுக்கு ஒண்ணுன்னா பொறந்த வீட்டுச் சீருதான் மொதல்ல வரணும். என் ஜவ்வை எடுத்துக்கங்க மச்சான்."

கோபிநாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தோடு சும்மா இருந்திருக்கலாம். அண்ணன் ராக்கனுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னான்.

ராக்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என் தம்பி ஒடம்புல சம்பந்தகாரன் ஜவ்வா? நாளைக்கு எவன் மதிப்பான்?"

"சீரு எங்க உரிமை மச்சான்," என்றான் வெற்றிசெல்வன்.

"சீரு தட்டுல வைக்கிறது மாப்ள. முட்டிக்குள்ள வைக்கிறது இல்ல."

அடுத்த மாதம் மகள் அறிவுமதிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பந்தலில் நின்று வந்தவர்களை வாங்க என்று கூப்பிட வேண்டியவர் பெரியப்பா. இரண்டு பேரில் ஒருவர் முறுக்கிக்கொண்டு போனாலும் பிள்ளையின் விசேஷம் சந்தி சிரித்துவிடும். கோபிநாத்துக்கு முட்டி வலியைவிட இந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. இருவரையும் சமாதானப்படுத்தப் பார்த்தான்.

"ஆளுக்குப் பாதி எடுத்து ஒட்ட வச்சுக்கிட்டா என்ன?"

"மேல் பாதி யாரோடது?" என்று கேட்டார் ராக்கன்.

இதற்கு முடிவு காண்பதற்குள் மதியச் சோறு ஆறிப்போனது. வெற்றிசெல்வன் சாப்பிடாமலே எழுந்து அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தான்.

"அப்ப யாரோடதும் வேணாம். என் தொடையிலேருந்தே எடுத்துக்கிறேன்," என்றான் கோபிநாத்.

"எங்களத்தான் ஒதுக்கிட்டீங்களே. காதுகுத்துக்கும் ஒங்க மடியிலேயே புள்ளைய உட்கார வச்சுக்கங்க," என்று வெற்றிசெல்வன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பத்திரிகையிலேருந்து என் பேரையும் எடுத்துரு," என்றார் ராக்கன்.

இருவரும் வாசலுக்குப் போனதும் கோபிநாத் வனிதாவின் காதைக் கடித்தான். "செத்தவுக ஜவ்வுகூட வைப்பாகளாமே?"

"உசுரோட ரெண்டு பேரு வாசல்ல நிக்கையில செத்தவுககிட்ட வாங்குனா ஊரு என்னங்க பேசும்?"

தொடை, சில்லு, மச்சான், அண்ணன், செத்தவர் என்று ஐந்தும் அவன் தலைக்குள் சுற்றின. அன்று சாயங்காலம் நல்ல காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். வனிதாதான் பார்த்துவிட்டு அடுத்த காலை நீட்டச் சொன்னாள்.

யாருடையது என்று டாக்டரே சொல்லட்டும் என்று புதன்கிழமை நால்வரும் புதுக்கோட்டைக்குப் போனார்கள். டாக்டர் அறைக்குள் நுழைந்ததுமே மச்சானும் அண்ணனும் வேட்டியை உயர்த்திக் காலைக் காட்டினார்கள்.

"கபடி வெளையாண்ட காலு சார்," என்றான் வெற்றிசெல்வன்.

"தென்னமரம் ஏறுன காலு," என்றார் ராக்கன்.

டாக்டர் எந்தக் காலையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "ரெண்டு பேரோடதும் சேராது. கோபிநாத் தொடையிலிருந்தே எடுத்துக்கலாம். நல்லா நடப்பாரு," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் வெற்றிசெல்வன் சுவரில் சாய்ந்துவிட்டான். "எனக்குக் குடுத்து வைக்கலையே மச்சான்."

ராக்கன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். "ஒடன்பொறந்தும் ஒதவாமப் போயிட்டேனே."

கோபிநாத் இருவர் கையையும் பிடித்துக்கொண்டான். "மனசு விட்டுறாதீங்க. காதுகுத்துக்கு மட்டும் வந்துருங்க, அது போதும்," என்று கெஞ்சினான். இப்படிப்பட்ட உறவு எவனுக்கு வாய்க்கும் என்று நினைத்தபோது அவனும் அழுதுவிட்டான். வனிதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்கேன் படத்தைக் கொடுக்க வந்த நர்ஸ் சந்தனமேரி நால்வரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுக்கு அழுவுறீங்க? நேத்துக் காலையில அண்ணனும் சாயங்காலம் மச்சானும் தனித்தனியா போன் போட்டு, 'என்னோடது சேராதுன்னு சொல்லச் சொல்லுங்கம்மா'ன்னு கேட்டீங்க, டாக்டரும் அப்படியேதான சொல்லியிருக்காரு?"